மாமாவின் அறையில் அந்தூரியம்

கேற்றடியில் மோட்டார் சைக்கிள் வந்து நின்ற சத்தம் கேட்டு, கையில் சவர்க்கார நுரையோடு குசினியிலிருந்து எட்டிப் பார்த்தேன். ஹெல்மெட்டைக் கழற்றிக் கைப்பிடியில் கொழுவிவிட்டு ஒருவர் நின்றார். பின்சீற்றில் ஒரு வாளி, றப்பர் பட்டியால் இறுக்கிக் கட்டியிருந்தது. வாளியின் வாயை ஈரச்சாக்கு மூடியிருந்தது.

ஆளை எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அதற்கு முன் ஒரேயொரு தடவைதான் பார்த்திருக்கிறேன், அதுவும் மாமியின் செத்தவீட்டில், தூரத்தில் நின்று. அவர் நிமல். என் கணவரின் தங்கை கௌரியைக் கல்யாணம் செய்தவர். கந்தளாய்க்காரர், சிங்களவர். அந்தக் கல்யாணம் நடந்த நாளிலிருந்து கௌரியின் பெயரை என் மாமனார் வாயால் சொன்னதில்லை. வேறு யாரும் சொன்னால் எழும்பி வெளியே போய்விடுவார்.

"அக்கா, கௌரி தந்தது. அப்பாவுக்கு" என்றார் நிமல். தமிழை ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துக் கதைத்தார்.

உள்ளே வரச் சொன்னேன். சிரித்துக்கொண்டு வேண்டாம் என்று தலையாட்டினார். வாளியை இறக்கி, கேற்றுக்கு உள்பக்கம் கையை மட்டும் நீட்டி வைத்தார். கால் வெளியேதான் நின்றது.

"அப்பாவுக்கு விருப்பம் எண்டா போனில ஒரு கோல் எடுக்கட்டாம். எடுக்காட்டியும் பரவாயில்லையாம். பூவ மட்டும் வச்சிருங்க."

இதைச் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். சாக்கை விலக்கினேன். சிவப்பிலும் வெள்ளையிலும் அந்தூரியம், இடையிடையே ஊதா ஓர்க்கிட், ஓரத்தில் ஒரு பிடி றோசா. ஒவ்வொரு அந்தூரியத்தையும் கௌரி கசங்காமல் மெல்லிய பொலித்தீனில் தனித்தனியாகச் சுற்றியிருந்தாள். கந்தளாய்க் குளத்துப் பக்கம் அவர்கள் நிழல்வலைக் கூடாரம் போட்டு, கல்யாண மேடை அலங்காரக்காரருக்குப் பூ வளர்த்துக் கொடுக்கிறார்கள் என்று என் கணவர் சொல்லியிருந்தார். தங்கையோடு இரகசியமாகப் போனில் கதைப்பவர் அவர். அவருக்குச் சீனன்குடாப் பக்கம் வேலை. அன்று அவர் வீட்டில் இல்லை.

மாமாவுக்கு இதயக் குழாயில் அடைப்பு என்று வெளியூர் ஆஸ்பத்திரியில் வைத்தியம் செய்து வீட்டுக்குக் கூட்டிவந்து ஒரு கிழமைகூட ஆகியிருக்காது. முன்னறையில், துறைமுகம் தெரிகிற யன்னலடியில் படுத்திருந்தார். வாளியைத் தூக்கிக்கொண்டு அந்த அறை வாசலைத் தாண்டுவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

ஹோட்டல் பூக்கள்

உப்புவெளியில் ஒரு கடற்கரை ஹோட்டலில் நான் வரவேற்பு மேசையில் வேலை பார்த்த கதையை இந்தத் தொடரில் முன்பு எழுதியிருக்கிறேன். பூவைப் பற்றி அப்போது எழுதவில்லை. மேசையில் எந்நேரமும் பூ இருக்க வேண்டும் என்பது முகாமையாளரின் கட்டளை. பூ மலைநாட்டிலிருந்து லொறியில் வரும். திருகோணமலை வெயிலில் மறுநாளே தலை தொங்கிவிடும். புதுப் பூ கேட்டால் ஏச்சு விழும்.

என்னோடு வேலை செய்த கிண்ணியாப் பிள்ளை பரீதாவும் நானும் ஆளாளுக்கு ஒன்றைச் செய்து பார்த்துத்தான் படித்தோம். காம்பைத் தண்ணீருக்குள் பிடித்தபடியே சரிவாக வெட்ட வேண்டும். வெளியே வைத்து வெட்டினால் காம்புக்குள் காற்றுப் போய், பிறகு தண்ணீர் ஏறாது. தண்ணீருக்குள் அமிழ்கிற இலையெல்லாவற்றையும் உருவிவிட வேண்டும், இல்லாவிட்டால் அழுகி நாறும். சீனி கொஞ்சம், தேசிக்காய்ப் புளி சில துளி. சாடியைத் தேங்காய்த் தும்பு போட்டுத் தேய்த்துக் கழுவாமல் புதுத் தண்ணீர் ஊற்றுவது வீண்வேலை என்பதைக் கடைசியாகத்தான் கண்டுபிடித்தோம்.

ஒருமுறை யாரோ விருந்தாளி கொடுத்த வாழைச்சீப்பை மேசைக்குக் கீழே வைத்திருந்தோம். மேலே இருந்த பூவெல்லாம் ஒரு இரவில் சோர்ந்துபோயிற்று. பழம் பழுக்கும்போது வருகிற காற்று பூவுக்கு ஆகாதாம். பரீதா அதை யாரிடமோ கேட்டு வந்து சொன்னாள். அந்தச் சீப்பை அன்றைக்கே இரண்டு பேருமாகத் தின்று முடித்தோம்.

ஓர்க்கிட்டையும் அந்தூரியத்தையும் மட்டும் குளிர்ப்பெட்டிக்குள் வைக்கக் கூடாது. கறுத்துப்போகும். அந்தூரியம் வாடத் தொடங்கினால் தலையோடு சேர்த்து ஒரு பேசின் தண்ணீரில் தாழ்த்தி வைத்தால், கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்துவிடும். நான் பார்த்த பூக்களில் அதைப்போல உயிர்ப்பிடிப்பு உள்ள பூ வேறில்லை.

வேலையை விட்ட பிறகும் இந்தப் பழக்கம் என்னோடு வந்துவிட்டது. எங்கள் ஊரில் முற்றத்தில் பூ வைத்துக் காப்பாற்றுவது லேசில்லை. கோட்டைப் பக்கத்து மான்கள் தெருத்தெருவாக வரும். படலை திறந்து கிடந்தால் செவ்வரத்தை மொட்டு ஒன்றும் மிஞ்சாது. அதனால் நான் எங்கேயாவது கிடைக்கிற பூவைக் கொண்டுவந்து வீட்டுக்குள் சாடியில் வைப்பேன். மாமாவுக்கு அது பகிடி. பூ என்றால் சாமிக்கு, இல்லாவிட்டால் தலைக்கு, தண்ணீருக்குள் நிற்க வைத்து யாருக்குக் காட்டப் போகிறாய் என்று கேட்பார்.

"வைச்சிரு"

மாமா துறைமுகத்தில் இழுவைப் படகொன்றின் இயந்திரத்தோடு முழு வாழ்க்கையும் இருந்தவர். இயந்திரச் சத்தத்தில் வேலை செய்தவர்கள் உரக்கக் கதைப்பார்கள் என்று சொல்வார்கள். இவர் கதைக்கவே மாட்டார்.

அவருடைய கோபத்துக்கு ஒரு காரணம் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் அவரை வெறும் கல்நெஞ்சக்காரராக நினைப்பீர்கள். அவருக்கு ஒரு தம்பி இருந்தார். சண்டை நடந்த கெட்ட காலத்தில் ஒருநாள் காலையில் சைக்கிளில் வேலைக்குப் போனவர் திரும்பி வரவில்லை. சைக்கிளும் வரவில்லை. யார், என்ன என்று கடைசிவரை ஒருவருக்கும் தெரியாது. மாமா தன் மனதுக்குள் அதற்கு ஒரு பதில் எழுதி வைத்துக்கொண்டார். கௌரி நிமலைக் கூட்டிவந்து நின்றபோது அவர் நிமலைப் பார்க்கவில்லை, அந்தப் பதிலைத்தான் பார்த்தார் என்று நான் நினைக்கிறேன்.

பூவைச் சாடியில் அடுக்கி, அறைக்குள் கொண்டுபோய், யன்னலை விட்டுத் தள்ளி, காற்றாடிக் காற்றுப் படாத மூலையில் வைத்தேன். அவர் பார்த்தார். யார் தந்தது என்று கேட்கவில்லை. மோட்டார் சைக்கிள் சத்தம் அவருக்கும் கேட்டிருக்கும். நிமலின் குரலும் கேட்டிருக்கும்.

நிமல் கேற்றடியில் சொன்னதை அப்படியே சொன்னேன். ஒரு கோல் எடுக்கட்டாம், எடுக்காவிட்டாலும் பரவாயில்லையாம்.

அவர் முகத்தைத் துறைமுகப் பக்கம் திருப்பிக்கொண்டார். மாவு ஆலைக்கு வந்த கப்பலொன்று அசையாமல் நின்றது. நான் சாடியைத் திரும்பவும் தூக்கப் போனேன்.

"வைச்சிரு" என்றார்.

அடுத்த நாள் காலை தண்ணீர் மாற்றப் போனபோது அவர் கட்டிலில் எழும்பி உட்கார்ந்திருந்தார்.

"பிள்ளை, உது எவ்வளவு நாளைக்கு நிக்கும்?"

றோசா சில நாளில் போய்விடும், ஓர்க்கிட் ஒரு கிழமைக்கு மேல் நிற்கும், அந்தூரியத்தைக் கவனமாகப் பார்த்தால் அதற்கும் மேலே என்றேன்.

"வாட முன்னம் எடுக்கிறன்" என்றார். "என்ன கதைக்கிறதெண்டு யோசிக்க வேணும்."

என் கணவரிடம் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"அவனுக்குச் சொல்லாதை. இப்பவே போனைக் கொண்டுவந்து காதிலை வைப்பான்."

நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. அந்த வாக்கைக் கேட்டவள் நான் மட்டும்தான்.

செவ்வாய்க்கிழமை

அன்றிலிருந்து அந்தப் பூவுக்கு நான் செய்த பராமரிப்பை ஒரு குழந்தைக்குச் செய்திருப்பேனோ தெரியாது. அவருக்கு யோசிக்க அவகாசம் வேண்டும். அந்த அவகாசம் என் கையில் இருந்தது. காலையும் மாலையும் சாடியைக் கழுவினேன். காம்பு நுனியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டினேன். அறையிலிருந்த மாம்பழக் கூடையைப் பின் விறாந்தைக்கு மாற்றினேன். வெயில் திரும்பும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சாடியும் திரும்பியது. அந்தூரியத்தின் மேல் தண்ணீரைப் புகைபோலத் தெளித்தேன்.

மாமா கண் விழித்ததும் முதலில் மூலையைத்தான் பார்ப்பார். "நிக்குதெல்லே?" என்று கேட்பார். ஓம் மாமா, நிக்குது என்பேன். எனக்கு உள்ளூரப் பெருமைதான்.

றோசா உதிர்ந்தது. அதைப் பார்த்து அவர் கொஞ்சம் பதறினார். அன்றைக்குப் போனைக் கொண்டுவரச் சொன்னார். நம்பரைப் போட்டுக் கையில் கொடுத்தேன். பச்சைக் குறியை அழுத்துவதுதான் பாக்கி. விரலை மேலே வைத்துக்கொண்டு இருந்தவர், இண்டைக்குச் செவ்வாய்க்கிழமை என்றார். போனைத் திருப்பித் தந்தார்.

இன்னொரு நாள், காலையில் எடுத்தால் அவள் பூக் கூடாரத்துக்குள் நிற்பாள், இருட்டினால் அவன் வீட்டில் நிற்பான், அவன் எடுத்தால் என்ன சொல்வது என்றார். மூலையில் சிவப்பு அந்தூரியம் நேற்று வெட்டியதைப்போல மினுங்கிக்கொண்டு நின்றது. அவசரமில்லை என்று எனக்கும் பட்டது.

எப்படித் தொடங்குவது என்று ஒருநாள் என்னிடமே கேட்டார். சாப்பிட்டியா என்று கேளுங்கோ மாமா என்றேன்.

"இவ்வளவு வருசத்துக்குப் பிறகு சாப்பிட்டியா எண்டோ?"

அவர் சிரித்தார். நான் அந்த வீட்டுக்கு வாழ வந்ததிலிருந்து அவர் பல்லுத் தெரியச் சிரித்து அன்றுதான் கண்டேன். பிறகு, அதுவும் சரிதான் என்பதைப்போலத் தனக்குள் இரண்டொரு தரம் தலையாட்டினார்.

ஓர்க்கிட்டும் ஒவ்வொன்றாகக் கீழிருந்து விழத் தொடங்கியது. அந்தூரியம் மட்டும் அசையவில்லை. ஒரு வெள்ளைப் பூவின் ஓரம் லேசாகப் பழுப்பு நிறமாக மாறியபோது அதைப் பேசினில் தாழ்த்தி எடுத்தேன், நிமிர்ந்துகொண்டது. அதை அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கெட்டிக்காரி என்றார்.

அதற்குப் பிறகு வந்த ஒரு காலை. முகம் வழிக்க வெந்நீர் கேட்டார். கொண்டுபோனபோது கதிரையில் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தார். வாய் கோணியிருந்தது. என்னைப் பார்த்து எதையோ சொல்ல எத்தனித்தார். சத்தம் வந்தது, சொல் வரவில்லை.

கௌரி வந்தாள்

கௌரிக்கு நான்தான் கோல் எடுத்தேன். ஆஸ்பத்திரி விறாந்தையில் நின்று எடுத்தேன். அவள் உடனே வந்தாள். நிமல் வெளியே மரநிழலில் மோட்டார் சைக்கிளோடு நின்றார்.

மாமாவின் உயிருக்கு ஆபத்தில்லை என்று வைத்தியர் சொன்னார். வலதுபக்கம் விழுந்துவிட்டது. பேச்சு திரும்புவது சந்தேகம் என்றார். அது திரும்பவுமில்லை.

மாமாவை வீட்டுக்குக் கொண்டுவர முதல் நான் தனியே வந்து அறையைத் துப்புரவாக்கினேன். சாடியில் அந்தூரியம் அப்படியே நின்றது. வாடியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். உயிரோடு இருந்த பூவைக் குப்பையில் போட்டது வாழ்க்கையில் அந்த ஒருதரம்தான்.

அதன்பின் மாமா ஒரு வருசத்துக்கு மேல் படுக்கையில் கிடந்தார். கௌரி கந்தளாயிலிருந்து பஸ்ஸில் வந்து வந்து போனாள். கஞ்சி பருக்குவாள், உடம்பு துடைப்பாள், நகம் வெட்டுவாள். அவள் வந்ததும் மாமாவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழியும். சந்தோசமா, கோபமா, வெட்கமா என்று பார்த்துச் சொல்ல ஏலாது. இந்த நோய் வந்தவர்களுக்குக் காரணமில்லாமலும் கண்ணீர் வரும் என்று தாதி சொல்லிவிட்டா. அதைக் கௌரியும் கேட்டுக்கொண்டு நின்றாள்.

ஒருநாள் அவருக்குத் தலை வாரி இழுத்துவிட்டு வந்து, குசினி வாங்கில் குந்திக்கொண்டாள். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். குடிக்காமல் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"போ எண்டு சொல்ல ஏலாத மனிசனிட்டை வந்து நிக்கிறன், மச்சாள். களவெடுக்கிற மாதிரிக் கிடக்கு."

அப்போதுதான் நான் சொன்னேன். அதற்கு முதலே ஏன் சொல்லவில்லை என்றால், அவள் வந்த முதல் நாட்களில் அதைச் சொன்னால் இன்னும் வேதனைப்படுவாள் என்று பயந்தேன்.

"அவர் எடுக்கிறன் எண்டு சொன்னவர், கௌரி. உன்ரை பூ வாட முன்னம் எடுக்கிறன் எண்டவர். என்னட்டைச் சொன்னவர்."

செவ்வாய்க்கிழமையையும், போனில் விரல் வைத்துக்கொண்டு இருந்ததையும், சாப்பிட்டியா என்று கேட்கச் சொன்னதற்கு அவர் சிரித்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் முழுவதையும் கேட்டாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மாவுக்கும் இப்பிடித்தானே சொன்னனீங்கள்."

அவள் சொன்னது உண்மை. மாமி, கௌரியின் தாய், மகளைப் பார்க்காமலே கண்ணை மூடியவ. கடைசி நாட்களில் மாமி அரைமயக்கத்தில் மகளைக் கேட்டபோதெல்லாம், நீங்கள் நித்திரையாய் இருக்கேக்கை கௌரி கோல் எடுத்தவள் மாமி, சுகம் கேட்டவள் என்று பொய் சொன்னேன். அந்த வீட்டில் போனை எடுக்கிறதும் பதில் சொல்கிறதும் நான்தான். மாமி அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டு படுத்தா. செத்தவீட்டில் கேற்றுக்கு வெளியே நின்று அழுத கௌரியைத் தேற்ற வழி தெரியாமல், அந்தக் கதையை நானே அவளுக்குச் சொன்னேன். அம்மா நீ எடுத்ததாக நினைச்சுக்கொண்டுதான் போனவ என்று. அன்றைக்கு அவள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள்.

"உங்கடை மனசு எனக்குத் தெரியும், மச்சாள். அதுக்காகத்தான் சொல்லுறியள்" என்றாள் இப்போது. "அதுவே காணும் எனக்கு, வேறை ஒண்டும் வேண்டாம்."

கோணேசர் மேல் சத்தியம் என்று தொடங்கினேன். சத்தியம் பண்ண வேண்டாம் என்று மெல்லத் தடுத்துவிட்டாள். மாமாவிடமே போய்க் கேட்போம், கண்ணைச் சிமிட்டியாவது காட்டட்டும் என்றுகூட நினைத்தேன். அவளைக் கூட்டிக்கொண்டு போய்க் கட்டிலடியில் நின்று, சொன்னனீங்கள்தானே மாமா என்று கேட்டேன். அவர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கண்ணீர் வழிந்தது. எதற்கும் வழிகிற அதே கண்ணீர். கௌரி சேலைத் தலைப்பால் அதைத் துடைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று புறப்பட்டாள்.

இப்போது

மாமா போய்ச் சேர்ந்துவிட்டார். அவருடைய பாடையின் ஒரு முனையை நிமல் தூக்கினார். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. இப்போது பொங்கலுக்கு அவர்கள் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். குளம் நிறைந்தால் நாங்கள் கந்தளாய்க்குப் போகிறோம். நிமலின் தமிழ் எவ்வளவோ முன்னேறிவிட்டது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு எல்லாம் நல்லபடியாகவே முடிந்திருக்கிறது.

ஆனால் சும்மா இருக்கிற வேளையில் என் யோசனை அந்தச் சாடிக்குப் போய்விடும். நான் இரண்டு நாள் தண்ணீர் மாற்றாமல் விட்டிருந்தால். மாம்பழக் கூடையை அந்த அறையிலேயே வைத்திருந்தால். யன்னல் வெயில் அதன்மேல் விழட்டும் என்று விட்டிருந்தால். அந்தூரியம் வாடியிருக்கும், அவர் பதறிப்போய்ப் பச்சைக் குறியை அழுத்தியிருப்பார். சாப்பிட்டியா என்ற ஒரு சொல் கந்தளாய்க்குப் போய்ச் சேர்ந்திருக்கும். கௌரி அதை என் வாயிலிருந்து கேட்க வேண்டி வந்திருக்காது.

பரீதாவிடம் ஒருநாள் இதைச் சொன்னேன். அவள் இப்போது கிண்ணியாவில் கல்யாண மேடை சோடிக்கிறாள், கௌரியிடம்தான் பூ எடுக்கிறாள். பூவைப் பார்த்தது பிழையில்லை, அவரைக் கொஞ்சம் அவசரப்படுத்தி இருக்கலாம் என்றாள். அதுவும் சரிதான்.

இதை எழுதலாமா என்று கௌரியிடம் கேட்டேன். எழுதுங்கோ மச்சாள் என்றாள். கந்தளாய் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் இந்த வார இதழ் வருகிறது. அவள் தவறாமல் வாங்குகிறாள். இந்த அத்தியாயத்தையும் பூக் கூடாரத்துக்குள் நின்று வாசிப்பாள். என்ன எழுதியிருக்கிறா என்று நிமல் கேட்பார். கொஞ்சம் யோசித்துவிட்டு, மச்சாள் வடிவாக் கதை எழுதுறா என்று சொல்லுவாள்.